கழித்துவிடும் பின்புலத்தைப் படிப்பது எப்படி: குப்ரேட் உலோகத்தில் எலக்ட்ரான் ராமன் அளவீடு, முழுமையான வழிகாட்டி

ராமன் நிறமாலை (பொருளில் பட்டுச் சிதறும்போது ஆற்றல் மாறிய லேசர் ஒளியின் வரைபடம்) என்றதும் கூரிய கோடுகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சிலிக்கானுக்கு 520 செ.மீ⁻¹ பக்கத்தில் ஒன்று, வைரத்துக்கு 1332-இல் ஒன்று. கோட்டைப் பார்த்தே பொருளின் பெயரைச் சொல்லிவிடலாம். அந்தக் கோடுகளுக்கு அடியில் தரையோடு தரையாக ஒரு மேடு கிடக்கும். அதை மென்பொருளில் ஒரே சொடுக்கில் 'பின்புலம்' என்று கழித்துவிடுவது வழக்கம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த மேட்டைப் பற்றியது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாகப் பாதிக்கும் உலோகங்களில் (ஆய்வகப் பேச்சில் கோரிலேட்டட் உலோகங்கள்) எலக்ட்ரான்களின் சேதி அங்கேதான் இருக்கிறது. அந்த மேட்டில் எது எலக்ட்ரான், எது குப்பை என்று பிரிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு.

மாதிரியாக ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: பிஸ்மத் 2212. பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த குப்ரேட் மீக்கடத்தி (தாமிர ஆக்சைடு அடுக்குகள் கொண்ட, குளிர்வித்தால் மின்தடை மறையும் பொருள்). நன்றாகத் தயாரித்த படிகம் 90 கெல்வினை ஒட்டி மீக்கடத்தியாகும். புதிதாக வரும் ஆய்வு மாணவருக்கு இதைவிட நல்ல முதல் படிகம் கிடையாது. ஏன் என்பது படிகத்தைப் பிளக்கும் இடத்தில் தெரியும்.

முதலில், எதை அளக்கிறோம்?

லேசர் ஒளி உலோகத்துக்குள் சுமார் 100 நானோமீட்டர் ஆழம்தான் போகிறது. அதற்குள் ஓர் எலக்ட்ரானைத் தட்டி, கொஞ்சம் ஆற்றலை இழந்து வெளியே வருகிறது. இழந்த ஆற்றல்தான் ராமன் பெயர்ச்சி; செ.மீ⁻¹ என்ற அலகில் சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் உந்தம், படிகத்தின் பிரில்லுவான் மண்டல (எலக்ட்ரான் உந்தங்களின் அடிப்படைப் பெட்டி) அகலத்தில் சில நூறில் ஒரு பங்குதான். ஆகவே உந்தம் கிட்டத்தட்ட சுழி என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல். உந்தமே கொடுக்காமல் ஓர் எளிய உலோகத்தின் எலக்ட்ரான் கூட்டத்தைத் தட்டினால் எதுவும் நடக்காது. மொத்த மின்னூட்டம் மாறாது. கூலும் விசை உடனே திரையிட்டு மறைத்துவிடும். அலுமினியத்தில் எலக்ட்ரான் ராமன் பார்க்கக் கிளம்பியவர்கள் அதிகம் இல்லாததற்குக் காரணம் இதுதான். ஆனால் ஃபெர்மி பரப்பின் (உந்த வெளியில் எலக்ட்ரான் நிரம்பிய நிலைகளின் எல்லை) ஒரு பகுதியில் எலக்ட்ரான் கூடி, இன்னொரு பகுதியில் அதே அளவு குறைந்தால் மொத்த மின்னூட்டம் மாறவில்லை, திரையிடவும் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட நெளிவுகளைத்தான் ஒளி எழுப்புகிறது. எந்த நெளிவு என்பதை உள்ளே போகும் ஒளியின் தளவிளைவும் (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) வெளியே வரும் ஒளியின் தளவிளைவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

வாசலில் வைத்து மாவைத் தட்டும் கோல அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில்தான் மாவு விழும். தளவிளைவும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஃபெர்மி பரப்பின் எந்தப் பகுதி எலக்ட்ரான்கள் நிறமாலையில் விழும் என்பதை அச்சை மாற்றி நாமே தேர்ந்தெடுக்கலாம். குப்ரேட்டில் இரண்டு அச்சுகள் முக்கியம். பி1ஜி என்ற சமச்சீர், தாமிரம்–ஆக்சிஜன் பிணைப்புத் திசைகளில் உள்ள எலக்ட்ரான்களைக் காட்டும். மீக்கடத்தி இடைவெளி (ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்களைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல்) மிகப் பெரியதாக இருக்கும் இடம் அது. பி2ஜி, அதற்கு 45 டிகிரி சாய்ந்த மூலைவிட்டத் திசையைக் காட்டும். இடைவெளி சுழியாகும் இடம். மின்தடை அளவீடு எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகத் தரும். ராமன் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது. இத்தனை சிரமப்படுவது இதற்காகத்தான்.

ஒளி இப்படி ஆற்றல் மாறிச் சிதறும் விளைவை 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் உறுதி செய்த இருவரில் ராமன் திருச்சிக்காரர், கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். அவர்கள் திரவங்களில் பார்த்தார்கள். மீக்கடத்தி இடைவெளியை ராமன் சிதறலில் பார்க்க முடியும் என்று அப்ரிகோசோவ், ஃபால்கோவ்ஸ்கி என்ற இரு சோவியத் கோட்பாட்டாளர்கள் 1961-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். நையோபியம் டைசெலினைடு என்ற மீக்கடத்தியில் அது நிறமாலையில் தெரிந்தது 1980-இல்தான். நடுவில் ராமன் ஆய்வகங்களுக்கு லேசர் வர வேண்டியிருந்தது.

படிகமும் அதன் திசையும்

பிஸ்மத் 2212 மைக்கா போல அடுக்கடுக்காகப் பிரியும். மேலே செல்லோடேப்பை ஒட்டி மெதுவாக இழுத்தால் கண்ணாடி மாதிரி புது முகம் கிடைக்கும். அளவீட்டுக்குச் சில நிமிடங்கள் முன்புதான் பிளக்க வேண்டும். நேற்றுப் பிளந்த முகம் வேண்டாம். நுண்ணோக்கியில் பார்த்து, படிகளோ கீறலோ இல்லாத, லேசர் புள்ளியைவிட ஐந்தாறு மடங்கு பெரிய பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீறல் இருந்தால் லேசர் அப்படியே தெறித்து நிறமாலைமானிக்குள் போகும், 50 செ.மீ⁻¹-க்குக் கீழே எதுவும் நம்ப முடியாமல் போய்விடும்.

அடுத்தது திசை. லாவே படம் (எக்ஸ்-கதிர் சிதறும் புள்ளிப் படம்) எடுத்தால் இந்தப் படிகத்தில் ஒரு திசையில் மட்டும் மேலமைப்பின் (அணு அடுக்கில் கூடுதலாக வரும் நீண்ட நெளிவு) துணைப்புள்ளிகள் தெரியும். அது படிகவியல் பி-அச்சு. தாமிரம்–ஆக்சிஜன் பிணைப்பு அதற்கு 45 டிகிரியில் இருக்கிறது. இதை மறந்து படிகத்தின் ஓரத்தைப் பார்த்து வைத்தால் பி1ஜி-யும் பி2ஜி-யும் இடம் மாறிவிடும். இதே குழப்பம் இரும்பு மீக்கடத்திகளில் இன்னும் மோசம்: அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) ஓர் இரும்பு என்று எடுப்பவருக்கு பி1ஜி, இரண்டு இரும்பு என்று எடுப்பவருக்கு அதுவே பி2ஜி. யார் எழுதியதைப் படித்தாலும் முதலில் எந்தக் கூடு என்று பாருங்கள்.

வைத்தது சரிதானா என்று நிறமாலையே சொல்லும். பிஸ்மத் 2212-இல் 285 செ.மீ⁻¹ பக்கத்தில் பி1ஜி சமச்சீர் கொண்ட ஓர் ஆக்சிஜன் அதிர்வு உண்டு. பி2ஜி அமைப்பில் அது காணாமல் போக வேண்டும். கொஞ்சம் எட்டிப் பார்த்தால் படிகம் சில டிகிரி திரும்பியிருக்கிறது, அல்லது கிரையோஸ்டாட்டின் (படிகத்தைக் குளிர்விக்கும் கலம்) சன்னல் இறுக்கத்தால் தளவிளைவைச் சுழற்றுகிறது. சன்னல் திருகுகளைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

லேசரும் ஒளிப்பாதையும்

532 அல்லது 514.5 நானோமீட்டர் லேசரில் தொடங்கலாம். ஆர்கான் லேசர் என்றால் அதன் வாயு உமிழும் சில்லறைக் கோடுகளை முப்பட்டகம் வைத்து வடிகட்டாமல் நகரக் கூடாது. இன்னொரு அலைநீளமும் கைவசம் இருப்பது அவசியம், சொகுசு அல்ல. காரணம் பின்னால் வரும்.

லேசரை மேற்பரப்பின் செங்குத்துக்கு 60 முதல் 70 டிகிரி சாய்வில் விழ வைத்து, சிதறிய ஒளியைச் செங்குத்தில் சேகரிப்பது நல்ல வழி. பளபளப்பில் தெறிக்கும் ஒளி வேறு பக்கம் போய்விடும். உள்ளே ஒளிவிலகல் எண் சுமார் 2 என்றால் 66 டிகிரியில் போன கதிர் முறிந்து 27 டிகிரிக்கு வந்துவிடும். முழுச் செங்குத்து இல்லையென்றாலும் பரவாயில்லை.

ஆனால் இந்தச் சாய்வுக்கு ஒரு விலை உண்டு. புதியவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். சாய்வாக விழும் ஒளியின் இரண்டு கூறுகள், விழுதளத்துக்குள் இருப்பதும் அதற்குச் செங்குத்தானதும், உலோகப் பரப்பில் வெவ்வேறு அளவில் நுழைகின்றன. கட்டமும் வேறாகிறது. வெளியே சரியாக 45 டிகிரியில் நேர்கோட்டுத் தளவிளைவு கொடுத்தால் படிகத்துக்குள் அது நீள்வட்டமாகி, கோணமும் மாறிவிடும். அதனால் பொருளின் கலப்பு ஒளிவிலகல் எண்ணை (உட்கவர்தலையும் சேர்த்துச் சொல்லும் எண்) வைத்துத் தலைகீழாகக் கணக்குப் போட்டு, வெளியே வேண்டுமென்றே நீள்வட்ட ஒளியைக் கொடுக்க வேண்டும். உள்ளே போனதும் அது நேர்கோடாகும். சோலே–பாபினே ஈடுசெய்யி என்ற ஒளியியல் கருவி இதற்குத்தான். அதே கணக்கில் உட்கவர்ந்த திறனையும் எழுதி வையுங்கள். வெவ்வேறு தளவிளைவில் ஒரே லேசர் திறன் வெவ்வேறு அளவில் உள்ளே போகிறது. நிறமாலைகளை ஒப்பிட வேண்டியது உள்ளே போன திறனை வைத்து.

நிறமாலைமானி மூன்று கீற்றணி கொண்டதாக இருந்தால் நல்லது. முதல் இரண்டும் லேசர் ஒளியை வெட்டி எறியும், மூன்றாவது பிரிக்கும், திரவ நைட்ரஜனில் குளிர்ந்த சி.சி.டி. என்ற ஒளி உணரி எண்ணும். கீற்றணியின் திறன் தளவிளைவைப் பொறுத்து மாறும். அதனால் பகுப்பானுக்கு (வெளிவரும் தளவிளைவைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டி) அப்பால், தளவிளைவைத் திருப்பும் ஓர் அரை-அலைத் தகடு வைத்து, எந்த அமைப்பானாலும் உள்ளே போகும் ஒளி ஒரே தளவிளைவில் போகும்படி செய்யுங்கள்.

அமைப்புகளை எண்ணிக்கொள்வோம்

பி1ஜி, பி2ஜி தவிர ஏ1ஜி, ஏ2ஜி என்று இன்னும் இரண்டு சமச்சீர்கள் உண்டு. சதுரச் சமச்சீர் கொண்ட தளத்தில் எந்த அமைப்பும் ஒரு சமச்சீரைத் தனியாகத் தராது. ஒவ்வொன்றிலும் இரண்டு சேர்ந்தே வரும்.

- இரண்டு தளவிளைவும் பிணைப்புத் திசையில் இணையாக: ஏ1ஜி + பி1ஜி
- இரண்டும் மூலைவிட்டத்தில் இணையாக: ஏ1ஜி + பி2ஜி
- பிணைப்புத் திசைகளில் குறுக்காக: ஏ2ஜி + பி2ஜி
- மூலைவிட்டங்களில் குறுக்காக: ஏ2ஜி + பி1ஜி
- வட்டத் தளவிளைவில், சுழற்சித் திசை மாறாமல்: ஏ1ஜி + ஏ2ஜி, மாறி: பி1ஜி + பி2ஜி

வட்டத் தளவிளைவில் சுழற்சியைப் படிகத்தின் ஒரே அச்சைப் பார்த்துச் சொல்லுங்கள். பின்சிதறலில் ஒளி திரும்பி வருவதால், கதிரின் திசையை வைத்துப் பெயரிட்டால் வலம் இடமாகிவிடும்.

ஏ2ஜி வேண்டுமா? குறுக்கு அமைப்புகள் இரண்டையும் கூட்டி, சுழற்சி மாறும் அமைப்பைக் கழித்து, இரண்டால் வகுத்தால் போதும். குப்ரேட்டின் தாழ் ஆற்றலில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது என்பதால் குறுக்கு அமைப்புகளையே பி1ஜி, பி2ஜி என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். யுரேனியம் ருத்தேனியம் சிலிசைடில் 17.5 கெல்வினுக்குக் கீழே வரும் 'மறைந்த ஒழுங்கு' நிலையில், 14 செ.மீ⁻¹ பக்கத்தில் ஒரு கூர்மையான எலக்ட்ரான் கோடு இருக்கிறது. அது இருப்பது ஏ2ஜி-யில்! அந்தத் தடத்தைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது.

இன்னொரு சோதனையும் இதில் இலவசம். மேலே சொன்ன ஒவ்வொரு இணை–குறுக்கு ஜோடியின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லையா? எங்கோ திருத்தம் தவறு. இது சரியாகும் வரை படிகத்தைக் குளிர்விக்காதீர்கள்.

குளிர்வித்தல், உண்மையான வெப்பநிலை

கிரையோஸ்டாட்டின் உணரி காட்டுவது செப்புத் தாங்கியின் வெப்பநிலை. லேசர் படும் புள்ளி அதைவிடச் சூடாக இருக்கும். ஒரு மில்லிவாட்டுக்கு ஒன்றிரண்டு கெல்வின் ஏறுவது சகஜம். பிஸ்மத் 2212 அடுக்குகளுக்குக் குறுக்கே வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, ஒட்டிய பசையும் கெட்டால் இன்னும் அதிகம்.

அளக்க இரண்டு வழி. முதலாவது, ஆற்றல் இழந்த பக்கத்தையும் பெற்ற பக்கத்தையும் ஒப்பிடுவது. 100 கெல்வினில் 100 செ.மீ⁻¹ பெயர்ச்சியில், பெற்ற பக்கம் இழந்த பக்கத்தில் 24 சதவீதம் இருக்கும். 110 கெல்வின் என்றால் 27 சதவீதம். அதிர்வெண்ணின் முப்படித் திருத்தம் 532 நானோமீட்டரில் இதோடு 3 சதவீதம்தான் சேர்க்கும், ஆனால் 10 கெல்வினைத் தேடும்போது அதையும் விடக் கூடாது. தாழ் வெப்பநிலையில் இந்த வழி செல்லாது. பெற்ற பக்கத்தில் ஒளியே இருக்காது.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. படிகத்தின் நிலைமாற்றமே வெப்பமானி. தாங்கியை மெல்லச் சூடாக்கி, மீக்கடத்தி அடையாளம் எந்த எண்ணில் மறைகிறது என்று பாருங்கள். காந்த அளவீட்டில் 92 கெல்வின் என்றிருந்த படிகம், 4 மில்லிவாட்டில் தாங்கி 85 காட்டும்போதே அடையாளத்தை இழந்தால், புள்ளி 7 கெல்வின் சூடு. திறனைப் பாதியாக்கி மறுபடி பார்த்தால் நேர்கோடு கிடைக்கும். ஒரு நாள் பிடிக்கும் வேலை. அந்த நாளைச் செலவழியுங்கள்.

எடுக்கும்போது

எலக்ட்ரான் சிதறல் பலவீனமானது. ஒரு நிறமாலைக்கு அரை மணியில் இருந்து பல மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் துண்டுகளாக எடுங்கள். காஸ்மிக் கதிர் விழுந்த ஊசிகள் ஒரு துண்டில் மட்டும் இருக்கும், ஒப்பிட்டு நீக்கிவிடலாம். அலை எண்ணுக்கு நியான் விளக்கு, கருவியின் உணர்திறனுக்கு வெப்பநிலை தெரிந்த டங்ஸ்டன் விளக்கு, இரண்டையும் அன்றன்றே பதிவு செய்யுங்கள்.

அப்புறம், காற்று. நான் புதிதாக இருந்தபோது, கிரையோஸ்டாட்டில் போடும் முன் ஒரு படிகத்தைத் திறந்த மேசையில் வைத்துப் பார்த்தேன். 100 செ.மீ⁻¹-க்குக் கீழே சீப்புப் பல் போல வரிசையாகக் கோடுகள், 8 செ.மீ⁻¹ இடைவெளியில். ஏதோ புதிய கூட்டு அலைவு என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அது நைட்ரஜன் மூலக்கூறு சுழல்வது. கோடுகளின் உயரம் ஒன்று விட்டு ஒன்று இரண்டுக்கு ஒன்றாக மாறுவதைப் பார்த்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். ஆக்சிஜனின் கோடுகள் அவற்றின் நடுவே 11.5 செ.மீ⁻¹ இடைவெளியில் ஒளிந்திருந்தன. வலுவான ஃபோனான் (படிக அணுக்களின் கூட்டு அதிர்வு) உள்ள பொருளில் இவை கண்ணில் படாது. உலோகத்தில் நாம் தேடுவதும் இவ்வளவு பலவீனமாக இருப்பதால்தான் ஏமாற்றுகின்றன.

எண்ணிக்கையில் இருந்து எலக்ட்ரானுக்கு

சி.சி.டி. தரும் எண்ணிக்கையில் வெப்பம் கலந்திருக்கிறது. அதைப் பிரிக்க போஸ் காரணியால் (வெப்பத்தால் சிதறல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்ற எண்) வகுக்கிறோம். இது எவ்வளவு பெரிய திருத்தம் என்பதற்கு ஒரு கணக்கு: 20 செ.மீ⁻¹-இல் அந்தக் காரணி 300 கெல்வினில் சுமார் 11. 10 கெல்வினில் வெறும் 1.06. வகுக்காமல் இரண்டு வெப்பநிலைகளை ஒரே படத்தில் போட்டுவிட்டு "தாழ் ஆற்றல் எடை குறைகிறது" என்று சொன்னால், நீங்கள் கண்டுபிடித்தது போஸின் சூத்திரத்தை மட்டும்தான்.

வகுத்த பின் கிடைப்பது பொருளின் எதிர்வினை. அது பெயர்ச்சியைப் பொறுத்து ஒற்றைச் சார்பு. அதாவது சுழிப் பெயர்ச்சியில் சுழியைக் கடந்தாக வேண்டும். வளைவு தாழ் ஆற்றலில் சுழியை நோக்கி இறங்காமல் மேலே திரும்பினால், பெரும்பாலும் அது தெறித்த லேசர் ஒளி. இழந்த பக்கம், பெற்ற பக்கம் இரண்டையும் தனித்தனியாகத் திருத்தினால் ஒரே வளைவு வர வேண்டும் என்பதும் இதே விதியின் இன்னொரு முகம்.

இப்போது இன்னொரு லேசர். பெயர்ச்சியாக வரைந்த படத்தில் ஓர் அமைப்பு இரண்டு லேசரிலும் ஒரே இடத்தில் நின்றால் ராமன். தனி அலைநீளத்தில் நின்று பெயர்ச்சியில் நகர்ந்தால் ஒளிர்வு. மேட்டுக்கு அடியில் ஒளிர்வு எவ்வளவு என்று மதிப்பிட இன்னொரு நல்ல இடம், ஆழ்ந்த மீக்கடத்தி நிலையில் பி1ஜி-யின் அடிப்பகுதி. 10 கெல்வினில், 100 செ.மீ⁻¹-க்குக் கீழே அங்கே எலக்ட்ரான் கிட்டத்தட்ட எதுவும் செய்யக் கூடாது. அங்கே மிஞ்சுவது அத்தனையும் குப்பையின் உச்ச வரம்பு.

ஃபோனான்களைக் கழிப்பதில் அவசரப்படாதீர்கள். எலக்ட்ரான்களோடு பிணைந்த ஃபோனான் சமச்சீரான மணி வடிவில் இருக்காது. ஒரு பக்கம் சரிந்த ஃபானோ வடிவில் இருக்கும். சமச்சீர் வளைவால் பொருத்திக் கழித்தால், அந்தச் சரிவு எலக்ட்ரான் மேட்டில் போலி மேடு–பள்ளமாக விழும். சந்தேகம் இருந்தால் கழிக்காமல் விட்டுவிடுவதே மேல்.

உயர் ஆற்றலில் எல்லா வெப்பநிலையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும் என்று சிலர் ஒவ்வொரு நிறமாலையையும் ஓர் எண்ணால் பெருக்கி ஒட்ட வைப்பார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. திறன், புள்ளி, குவியம் எல்லாம் சரியாக இருந்தால் 1000 செ.மீ⁻¹ பக்கத்தில் அவை தானாகவே பொருந்தும். பொருந்தாதபோது பெருக்குவது, புள்ளி நகர்ந்துவிட்டது என்ற தகவலை அழிப்பது.

படிப்பது

சாதாரண நிலையில் தொடங்குங்கள். எலக்ட்ரான் மோதிச் சிதறும் வீதத்தை ஓர் அலைவெண்ணாக நினைத்தால், எளிய உலோகத்தின் எதிர்வினை அந்த அலைவெண்ணில் உச்சம் தொட்டு இறங்கும். சுழிக்கு அருகே உள்ள சரிவு எலக்ட்ரானின் ஆயுளுக்கு நேர்விகிதம். குப்ரேட்டில் உச்சத்துக்குப் பின் இறங்குவதே இல்லை; ஆயிரக்கணக்கான செ.மீ⁻¹ வரை தட்டையாகவே போகும். மோதல் வீதம் ஆற்றலோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போவதன் அடையாளம் அது. 1989-இல் முன்வைக்கப்பட்ட 'விளிம்புநிலை ஃபெர்மி திரவம்' என்ற கருத்துக்கு இந்தத் தட்டையான மேடும் ஒரு தூண்டுகோல்.

பி2ஜி-யின் ஆரம்பச் சரிவை ஒவ்வொரு வெப்பநிலையிலும் எடுத்து அதன் தலைகீழை வரையுங்கள். சரியான அளவு துளை (வேதிமுறையில் எலக்ட்ரானை எடுத்துவிட்ட காலியிடம்) கொண்ட படிகத்தில் அது வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறும், மின்தடை போலவே. மதிப்பும் வெப்ப ஆற்றலின் வரிசையிலேயே வரும். 100 கெல்வினில் வெப்ப ஆற்றல் 70 செ.மீ⁻¹ என்பதை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். இனி அதையே பி1ஜி-யில் செய்யுங்கள். துளை குறைவான படிகங்களில் இரண்டும் பிரிந்துவிடும்: மூலைவிட்டத்து எலக்ட்ரான்கள் உலோகமாகவே நடந்துகொள்ள, பிணைப்புத் திசையில் உள்ளவை குளிரக் குளிர மந்தமாகும். ஒரே படிகம், ஒரே லேசர், தளவிளைவுகளை 45 டிகிரி திருப்பியதுதான் வித்தியாசம். மின்தடை அளவீடு இதைக் காட்டவே முடியாது, ஏனென்றால் மின்னோட்டம் சுலபமான வழியில் போய்விடும்.

மீக்கடத்தி நிலைக்கு வாருங்கள். பி1ஜி-யில், உகந்த துளை அளவில், 500–550 செ.மீ⁻¹ பக்கத்தில் ஒரு பெரிய உச்சம் எழும். கூப்பர் இணையை (மீக்கடத்தியில் ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்களை) உடைக்கும் ஆற்றல் அது. நிலைமாறு வெப்பநிலையின் ஆற்றலால் வகுத்தால் சுமார் 8 வரும். பழைய மீக்கடத்திகளுக்கான கோட்பாடு சொல்லும் 3.5-இன் இரண்டு மடங்குக்கும் மேல். பி2ஜி உச்சம் அதைவிடத் தாழ்வாக, அகலமாக இருக்கும். உச்சத்தைவிட அடிவாரம்தான் முக்கியம்: பி2ஜி சுழியில் இருந்து நேர்கோட்டில் ஏறுகிறது, பி1ஜி முப்படியில். இடைவெளி மூலைவிட்டத்தில் சுழியாகும் டி-அலைக்கு இதுவே முத்திரை. அடிவாரத்தில் தெறித்த ஒளி கொஞ்சம் கலந்திருந்தாலும் முப்படி நேர்கோடாகத் தெரியும். மேற்பரப்பில் அவ்வளவு நேரம் செலவழித்தது இந்த ஒரு வளைவுக்காக.

இதே முறையை வேறு உலோகத்துக்குக் கொண்டுபோனால்

இரும்பு செலினைடை எடுத்தால் பார்க்க வேண்டிய இடம் மாறுகிறது. அங்கே 90 கெல்வினில் படிகத்தின் தளம் சதுரத்தில் இருந்து செவ்வகத்துக்குத் திரும்புகிறது. அதற்கு வெகு மேலேயே, ஓர் இரும்புக் கூட்டின் பி1ஜி-யில் சுழிக்கு அருகே ஒரு உச்சம் எழுந்து, குளிரக் குளிர வளர்ந்து ஒடுங்கும். எதிர்வினையைப் பெயர்ச்சியால் வகுத்து, எல்லா ஆற்றலுக்கும் தொகையிட்டால் நிலையான ஏற்புத்திறன் கிடைக்கும். திசைச் சமச்சீரை உடைக்க எலக்ட்ரான்கள் எவ்வளவு துடிக்கின்றன என்ற அளவு. பெயர்ச்சியால் வகுப்பதால் தாழ் ஆற்றல்தான் தொகையை ஆள்கிறது. ஆகவே 10 செ.மீ⁻¹-க்குக் கீழே நீங்கள் எப்படிச் சுழி வரை நீட்டினீர்கள் என்பதை எழுதாமல் அந்த எண்ணை மட்டும் வெளியிடாதீர்கள். அளக்காமல் நீட்டிய பகுதியே தொகையில் கணிசமான பங்காக இருக்கலாம்.

துளையே இல்லாத குப்ரேட்டுக்குப் போனால் உலோகமே இல்லை. பி1ஜி-யில் 3000 செ.மீ⁻¹ சுற்றி, எதிரெதிராக நிற்கும் பக்கத்து எலக்ட்ரான் ஸ்பின்களைப் புரட்டும் இரு-மேக்னான் (இரண்டு காந்த அலைகள்) மேடு இருக்கும். அதற்குக் கீற்றணியை மாற்றி, உணர்திறன் திருத்தத்தை முதலில் இருந்து எடுக்க வேண்டும். லேசர் நிறத்தை மாற்றினால் அந்த மேட்டின் உயரம் மாறிக்கொண்டே போகும் என்பதால், ஒரே லேசரில் எடுத்த உயரங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.